மூன்றாவது நிபந்தனை

"அக்கா, அந்த ரெண்டு தாளையும் இன்னும் ஒருக்கா வாசிச்சியள் எண்டால் எழுத்தெல்லாம் களைச்சுப்போய் இறங்கி நடக்கத் தொடங்கிவிடும்."

பண்டத்தரிப்புச் சந்தியைத் தாண்டி ஒரு வேம்பின் நிழலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு றெஜி இப்படிச் சொன்னான். பின் இருக்கையில் இருந்த உதயகலா நிமிரவில்லை. காலை பத்து மணிதான். அதற்குள் சித்திரை வெயில் கூரைச் சீலையைத் தாண்டி இறங்கியிருந்தது. அவளுக்கு முழங்கால் வலித்தது. நேற்றும் வலித்தது. அதைப் பற்றி யோசிப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

இருபத்தாறு வருடம் நீதிமன்றப் பதிவாளராக இருந்து, ஊரார் போட்ட கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே கண் தேய்ந்தவள் உதயகலா. ஓய்வு பெற்ற பிறகு துப்பறிகிறாள். சட்டத்தரணிகள் அனுப்பும் வேலையும் வரும், சட்டத்தரணியின் படியேற முடியாதவர்களின் வேலையும் வரும். றெஜி அவளுக்குச் சாரதி, உதவியாள், தேவையில்லாத இடங்களில் வாய். முன்பு பதினொரு வருடம் ஆஸ்பத்திரிகளுக்கு மெசின் விற்றவன். "பொய் சொல்லிக் களைச்சுப்போய் இந்தப் பக்கம் வந்தனான்" என்பான்.

இப்போது கையில் இருப்பது குருநகர் அற்புதராணியின் விஷயம்.

போன ஆவணியில் ஒரு மத்தியானம், கடலால் வந்த கணவர் யாகோப்பின் விரலில் குத்தி அவள் வழக்கம்போல இரத்தத்தில் சீனி பார்த்தாள். நீலக் கைமெசின் 386 என்று காட்டியது. கிளினிக் கொப்பியில் அந்த அளவுக்கு எவ்வளவு இன்சுலின் என்று எழுதியிருந்ததோ, அவ்வளவையும் அவளே எடுத்து அவளே போட்டாள். யாகோப்பு கதிரையில் சாய்ந்தார். நன்றாக வியர்த்தது. வெயிலாக்கும் என்று அவள் விசிறியைத் திருப்பி வைத்தாள். சோற்றோடு வந்து கூப்பிட்டபோது அவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கும் கீழே கிடந்தது. மூன்றாம் நாள் ஆள் போய்விட்டார்.

மருந்து கூடியதால் நேர்ந்த மரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். போட்ட கை யாருடையது என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

"மெசின் பிழையோ, என்ரை கை பிழையோ? அதை மட்டும் சொல்லுங்கோ," என்று அற்புதராணி கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மெசினில் செருகும் ஸ்ரிப்புகள்தான் பிழை என்பதை றெஜி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். அவளிடம் மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து தன் விரலையே குத்திப் பார்த்தான். ஒரே துளை, மூன்று ஸ்ரிப். 112, 240, 390.

"ஒரே நிமிசத்திலை நான் சுகதேகி, நோயாளி, பிரேதம்," என்றான்.

அந்த ஸ்ரிப்புகள் அற்புதராணியின் கைக்கு வருமுன் கிளினிக்கின் தகரக் கூரைக் களஞ்சியத்தில் மூன்று மாதம் கிடந்தவை. சூட்டில் கெட்டுப்போகும் பொருளை அப்படி வைக்க யார் விட்டது? உதயகலாவின் கேள்வி அதுதான்.

கொழும்பில் மருத்துவ உபகரணங்களைப் பதிவு செய்யும் அலுவலகம் எல்லாவற்றையும் தானே சோதித்துப் பார்ப்பதில்லை. விற்கிற கொம்பனியோடு ஒட்டும் உறவும் இல்லாத நிபுணர் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்கும். எப்படி வைக்க வேண்டும், எங்கே கொடுக்கலாம், எங்கே கூடாது என்று அவர் சொல்வதை வைத்துத்தான் நிபந்தனைகளோடு அனுமதி கொடுக்கும். அந்த நீல மெசினுக்கு அபிப்பிராயம் எழுதியவர் டொக்டர் சீவரத்தினம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, ஐந்து மாதம் காத்திருந்து, உதயகலா பெற்ற இரண்டு பக்க நகல்தான் இப்போது அவள் மடியில் இருந்தது.

முதல் பக்கத்தின் கடைசி வரி: *எனவே, பின்வரும் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டு இதைப் பதிவு செய்யலாம்.*

இரண்டாம் பக்கத்தில் இருந்தவை இரண்டு. தமிழிலும் சிங்களத்திலும் பாவனை விளக்கம் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுகூட அளவோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

"மூண்டாவதைக் கொம்பனிக்காரன் விழுங்கிப்போட்டான்," என்றான் றெஜி. "கையெழுத்தையும் பாருங்கோவன். முதல் பக்கத்திலை வலப்பக்கம் சாஞ்சு ஒரே இழுவை. ரெண்டாம் பக்கத்திலை இடப்பக்கம் சாஞ்சு, வெறிகாரன் மதகிலை நடந்த மாதிரி. போதாக்குறைக்கு மையை வேற இழுபட விட்டிருக்கினம். போலிக் கையெழுத்துப் போடுறவன் வடை திண்டுகொண்டே போட்டிருக்கிறான்."

"ரெண்டு பக்கத்திலையும் ஒரே திகதி. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு, ஆடி பதினாலு," என்றாள் உதயகலா.

"திகதியைப் பாத்து எழுதத் தெரிஞ்சவனுக்குக் கையெழுத்தைப் பாத்து எழுதத் தெரியேல்லை."

அவள் தாள்களை மடித்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை கொழும்பில் கூட்டம். இந்தப் பழைய அபிப்பிராயத்தையே ஆதாரமாகக் காட்டி, அதே மெசினின் பதிவை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறார்கள். கூட்டத்துக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். இரண்டாம் பக்கம் தன்னுடையதல்ல என்று டொக்டர் ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.

"எடு ஓட்டோவை," என்றாள்.

டொக்டர் சீவரத்தினத்துக்கு எழுபத்து மூன்று வயது. சலரோகத்துக்கு, அதாவது சீனி வருத்தத்துக்கு, நாற்பது வருடம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது வீடு. விறாந்தையில் அவர்களை இருத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாள்களை வாங்கினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கணம்தான் கண் நின்றது. முதல் பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"செத்தவருக்கு எத்தினை வயசு?"

"ஐம்பத்தெட்டு, டொக்டர்."

"ஊசி ஆர் போட்டது?"

"மனுசி."

அவர் தாள்களை மேசையில் வைத்து ஓரங்களைச் சரிபார்த்து அடுக்கினார். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"டொக்டர், இது உங்கடை கையெழுத்தோ?" உதயகலா இரண்டாம் பக்கத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"இல்லை," என்றார். கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. "முதல் பக்கம் என்ரை. இது இல்லை."

"அதை எழுதித் தரேலுமோ?"

"ஓம். தாறன்."

வலக்கையால் ஒரே இழுவையில் எழுதி, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். அதற்குள் அவருடைய மனைவி பூரணம் தேநீர் கொண்டுவந்தார். டொக்டர் இடக்கையால் கோப்பையை எடுத்தார்.

வேலை சுலபமாக முடிந்த சந்தோஷத்தில் றெஜி வாயைத் திறந்தான். "எழுத்து வலக்கை, தேத்தண்ணி இடக்கையோ டொக்டர்? ரெண்டு கைக்கும் வேலையைப் பிரிச்சுக் குடுத்திருக்கிறியள்."

பூரணம் சிரித்தார். "அது முந்தி இல்லைத் தம்பி. பெற்றோல் இல்லாத அந்த இருபத்திரண்டாம் வருசம் இவர் சைக்கிளிலை போய் விழுந்து வலக்கை முறிஞ்சது. ஆடிக் கடைசி. ஆவணி முழுக்க இடக்கையிலை கரண்டியைப் பிடிச்சுத்தான் சாப்பாடு. கை பொருந்தியும் உந்தப் பழக்கம் போகேல்லை."

"பூரணம், காணும் நிப்பாட்டு," என்றார் டொக்டர். "அவை வேலையா வந்தவை."

வீதியில் ஏறியதும் றெஜி விசிலடித்தான்.

"முடிஞ்சுது அக்கா! கையெழுத்து போலி, கொம்பனி கள்ளன், செவ்வாய்க்கிழமை கூட்டத்திலை எல்லாற்றை முகத்திலையும் கரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல கடையாப் பாப்பமே?"

உதயகலா டொக்டர் எழுதித் தந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை.

"ஓட்டோவை நிப்பாட்டு."

"சாப்பாட்டுக்கோ?"

"றெஜி, நீ ஒருத்தற்றை கையெழுத்தைக் களவாய்ப் போடப்போறாய் எண்டு வை. முதல் பக்கத்திலை அவற்றை உண்மைக் கையெழுத்து உனக்கு முன்னாலை கிடக்குது. என்ன செய்வாய்?"

"பாத்துப் பாத்து அச்சொட்டாய் போடுவன்."

"இருபத்தாறு வருசத்திலை நான் பாத்த போலிக் கையெழுத்து எல்லாம் உண்மையை விட வடிவாய்த்தான் இருந்தது. இது கிட்டவும் வரேல்லை. ஒத்து வரோணும் எண்ட கவலையே இல்லாமல் ஒரு கையெழுத்தை ஆர் போடுவினம்?"

றெஜியின் விசில் நின்றது. "அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரன்."

"மை வலப்பக்கமா இழுபட்டிருக்குது. வலக்கையாலை எழுதினால் கை எழுத்துக்கு முன்னாலை போகும், ஈர மையிலை படாது. இடக்கையாலை எழுதினால் எழுதின மைக்கு மேலாலைதான் கை போகும்."

"வடை இல்லை."

"வடை இல்லை. கை முறிஞ்சது ஆடிக் கடைசியிலை. ரெண்டாம் பக்கம் அதுக்குப் பிறகு இடக்கையாலை போட்டது. திகதியை மட்டும் ஆடி பதினாலு எண்டு பின்னுக்குத் தள்ளியிருக்கினம். மூண்டாவது நிபந்தனையை எடுத்தது கொம்பனி இல்லை. டொக்டர்தான்."

றெஜி கைப்பிடியில் தாளம் போட்டான். பிறகு மெல்லச் சொன்னான். "அக்கா, நான் ஒண்டு சொல்லட்டே? பொய் தானா வந்து எங்கடை பக்கத்திலை நிக்குது. ஏன் அதைத் துரத்துறியள்? செவ்வாய்க்கிழமை இந்த வரியைக் குடுத்தால் பதிவு நிக்கும். மெசின் நிக்கும். அற்புதராணி அக்காவுக்கும் நிம்மதி."

"இந்தப் பக்கத்தை அலுவலகக் கோவையிலை, அந்தப் பைலிலை வைச்ச எழுதுவினைஞர் ஒருத்தர் கொழும்பிலை இருப்பார். போலிக் கையெழுத்து எண்டால் முதல் அவரைத்தான் பிடிப்பினம்."

"அது சரி."

"கொம்பனிக்காரன் கையெழுத்து நிபுணர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு மணித்தியாலத்திலை உண்மை வெளியிலை வரும். அதோடை எங்கடை ஆட்சேபனையும் போகும், மெசின் தப்பிவிடும்." அவள் நெற்றியைத் துடைத்தாள். "அந்த மனுசி என்னட்டைக் கேட்டது வெல்லுறதுக்கு இல்லை. தெரிஞ்சுகொள்ளுறதுக்கு."

றெஜி பெருமூச்சு விட்டு ஓட்டோவைத் திருப்பினான். "பொய் சொல்லுற காலத்திலை எனக்கு மத்தியானத்திலை சாப்பாடு எண்டாலும் கிடைச்சது."

டொக்டர் விறாந்தையிலேயே இருந்தார். தேநீர் ஆறிக் கிடந்தது. அவர்கள் திரும்பி வந்ததில் அவருக்கு ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

உதயகலா அவர் எழுதித் தந்த தாளை மேசையில் திருப்பி வைத்தாள். "டொக்டர், இதை நான் கொண்டுபோகேலாது. கை முறிஞ்சிருக்கேக்கை ஒரு மனுசன் போடுற கையெழுத்தும் அவற்றை கையெழுத்துத்தான்."

அவர் தாளை எடுத்து நான்காக மடித்தார். கிழிக்கவில்லை.

"நீங்கள் வரேக்கை நான் உண்மையைத்தான் சொல்ல இருந்தனான்," என்றார். "நீங்கள் 'இது உங்கடை கையெழுத்தோ' எண்டு கேட்ட உடனை எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. பூந்திட்டன். வெக்கமா இருக்குது."

"மூண்டாவது என்ன?"

எழுந்து உள்ளே போய் ஒரு அப்பியாசக் கொப்பியோடு வந்தார். பக்கம் பக்கமாக இலக்கங்கள். ஒரு டப்பா ஸ்ரிப்பைக் குளிர்ப்பெட்டியிலும் இன்னொன்றைப் பின்பக்கத் தகரக் கொட்டிலிலும் பத்து நாள் வைத்துவிட்டு, ஒரே இரத்தத்தை இரண்டிலும் பார்த்திருக்கிறார். குளிரில் இருந்தது ஒவ்வொரு முறையும் ஒரே அளவைச் சொன்னது. கொட்டிலில் இருந்தது வாயில் வந்ததைச் சொன்னது.

"முப்பது பாகைக்கு மேலை வைக்கக்கூடாது. குளிர்ப்பெட்டி இல்லாத இடத்துக்குக் குடுக்கக்கூடாது. அதுதான் மூண்டாவது."

"பிறகேன் எடுத்தனீங்கள்?" றெஜியின் குரலில் இப்போது பகிடி இல்லை.

"கை முறிஞ்சு கிடந்த அந்த ஆவணியிலை கொழும்பிலை இருந்து ஒரு ரெலிபோன் கோல் வந்தது. கொம்பனி இல்லை, அலுவலகத்திலை இருக்கிற ஒருத்தர். பேர் கேக்கிற இடத்திலை சொல்லுவன், இஞ்சை வேண்டாம். கெட்ட மனுசனும் இல்லை. அந்த வருசம் எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. வாட்டுகளிலை ஒரு ஸ்ரிப் இல்லை. சீனி பாக்க வழியில்லாமல் சனம் மயங்கி மயங்கி விழுந்தது. வேற ஒரு கொம்பனியும் நாட்டுக்குள்ளை வர விருப்பமில்லை. கரண்டும் அரைநாள் இல்லை. 'டொக்டர், குளிர்ப்பெட்டி நிபந்தனை இருந்தால் ஒரு கிளினிக்குக்கும் குடுக்கேலாது. ரெண்டாம் பக்கத்தை மட்டும் மாத்தித் தாங்கோ. ஆறு மாசத்திலை திரும்பச் சேர்ப்பம்' எண்டார். நானும் நம்பினன். இடக்கையாலை போட்டுக் குடுத்தன்."

"ஆறு மாசத்தாலை?"

"நான் ரெண்டு கடிதம் போட்டன். பதில் இல்லை. அவருக்கு இடமாற்றம். எனக்கும் வயசு போட்டுது." கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, என்னட்டைக் கேட்டது அபிப்பிராயம். இது சுடும், இது கெடும், இதை இப்பிடி வைக்கவேணும். அதைச் சொல்லுறதுதான் என்ரை வேலை. நாட்டிலை பஞ்சம், நிபந்தனையைத் தளர்த்துவம் எண்டு முடிவெடுக்கிறது அவையின்ரை வேலை. அவை அதைச் செய்திருந்தால் அவையின்ரை பேரிலை, அவையின்ரை கையெழுத்திலை இருந்திருக்கும். 'டொக்டர் வேண்டாம் எண்டவர், நாங்கள் துணிஞ்சு குடுக்கிறம்' எண்டு இருந்திருந்தால் பிறகு ஆரும் அதைத் திறந்து பாத்திருப்பினம். நான் பரிதாபப்பட்டு அவையின்ரை முடிவை என்ரை அபிப்பிராயத்துக்குள்ளை எழுதிப்போட்டன். அதுக்குப் பிறகு ஆபத்து எண்ட ஒண்டே அந்தக் கோவையிலை இல்லை."

உதயகலா முதல் பக்கத்தின் கடைசி வரியைக் காட்டினாள். "இதிலை மூண்டு எண்ட சொல்லை மாத்த மறந்திட்டியள்."

"மறக்கேல்லை," என்றார் டொக்டர்.

றெஜி நிமிர்ந்தான்.

"முதல் பக்கத்தையும் மாத்தித் தரட்டோ எண்டு நான் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. மூண்டு எண்டு இருக்கட்டும், வாசிக்கிற ஆரும் ரெண்டுதானே இருக்குது, மூண்டாவது எங்கை எண்டு கேப்பினம், அப்ப சொல்லுவம் எண்டு விட்டனான். கோவை குழுவுக்குப் போனது. பணிப்பாளரிட்டைப் போனது. மாகாணத்துக்கு வந்தது. நாலு வருசத்திலை ஒருத்தரும் மூண்டு வரைக்கும் எண்ணிப் பாக்கேல்லை."

தோட்டத்து மோட்டர் நின்றிருந்தது.

"செவ்வாய்க்கிழமை வருவியளோ?" என்று உதயகலா கேட்டாள். "கொழும்புக்கு. உங்கடை அபிப்பிராயத்தை நீங்களே திருப்பி எடுக்கவேணும். கொப்பியையும் கொண்டு வரவேணும். ஏன் பேசாமல் இருந்தனீங்கள் எண்டு கேப்பினம். பதவி, பட்டம் எல்லாத்தையும் இழுப்பினம்."

"வாறன்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நாலு வருசமா யோசிச்சது காணும்." செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். "அதுக்கு முதல், அந்த மனுசியிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

குருநகரில் அற்புதராணியின் வீட்டு வாசலில் ஓட்டோ நின்றபோது மணி இரண்டேகால். வலை உலர்த்தியிருந்த ஒழுங்கையில் ஒரு குஞ்சு நிழலும் இல்லை. அவள் வெளியே வந்து உதயகலாவைப் பார்த்தாள், றெஜியைப் பார்த்தாள், பிறகு வெள்ளைச் சேட்டுப் போட்ட வயதான மனிதரைப் பார்த்தாள்.

"அம்மா, என்ரை பேர் சீவரத்தினம்," என்றார் அவர். "உங்கடை வீட்டுக்கு வந்த மெசினுக்கு அபிப்பிராயம் எழுதினது நான்."

கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குளிர்ப்பெட்டி, தகரக் கொட்டில், மூன்றாவது நிபந்தனை, அதை எடுத்த கை. மருத்துவச் சொல் ஒன்றையும் பாவிக்கவில்லை. தன்னை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றும் ஒரு சொல்லையும் பாவிக்கவில்லை. காலையில் போலி என்று பொய் சொன்னதையும் சொன்னார். அதை அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அற்புதராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, அண்டைக்கு அவருக்கு முன்னூற்றெண்பத்தாறு இல்லை."

"இருந்திருக்காது. நூறு, நூற்றிருபது இருந்திருக்கும். கடலுக்குப் போய் வந்த ஆள், குறைவாயும் இருந்திருக்கலாம்."

"நான் போட்ட ஊசி?"

"கொப்பியிலை என்ன இருந்ததோ அதைத்தான் போட்டனீங்கள். மெசின் சொன்னது உண்மை எண்டால் நீங்கள் செய்தது சரி. ஒரு நேர்ஸும் அதைத்தான் செய்திருப்பா. உங்கடை கையிலை பிழை இல்லை, அம்மா. என்ரை கையிலைதான்."

அவள் அழுவாள் என்று றெஜி நினைத்தான். ஏசுவாள் என்று உதயகலா நினைத்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. உள்ளே போய்ச் சிறிது நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிளாஸ்ரிக் கதிரையைச் சுவரோரம் இழுத்து, நிழல் விழும் இடத்தில் வைத்தாள்.

"என்ரை மகள் ஷெரோன் அடுத்த ஒழுங்கையிலை இருக்கிறாள்," என்றாள். "நாலரைக்கு வேலை முடிஞ்சு இதாலைதான் போவாள். தேப்பன் செத்த நாளிலை இருந்து என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நான் சொன்னால் கேக்கவும் மாட்டாள். இப்ப எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

டொக்டர் தலையாட்டினார். அந்தக் கதிரையில் இருந்து, ஒழுங்கை முனையைப் பார்க்கும்படி அதைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.